ஆற்றங்கரை வெளிக்கள நிலையம்: மார்கழியில் போங்கள், தாங்கற்கரைசலையும் கொண்டு போங்கள்

பஸ்ஸால் இறங்கி ஒழுங்கைக்குள் பத்து நிமிடம் நடந்து நிலையத்தின் பின்பக்கம் போனதும் வகுப்புப் பிள்ளை ஒன்று என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "ஆறு எங்க ரீச்சர்?" ஆற்றின் நடுவில் நின்றுகொண்டுதான் கேட்டாள். அவளுக்கு இரண்டு பக்கமும் காய்ந்த புல், கொஞ்சம் தள்ளி நாலைந்து ஆடுகள். பிழை என்னுடையது. ஆவணி மாதத்தில் வழுக்கையாற்றைப் பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் ஆடுதான் பார்க்கலாம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு என்று வாய்கூசாமல் சொல்ல இருப்பது இது ஒன்றுதான். தொண்டைமானாறு, உப்பாறு எல்லாம் பெயரில்தான் ஆறு, உண்மையில் அவை கடல்நீரேரிகள். வழுக்கையாறு அளவெட்டிப் பக்கம் தொடங்கி, கந்தரோடை வழியாக, வழியில் இருக்கிற குளங்களையெல்லாம் தொட்டுக்கொண்டு அராலியில் போய் யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் விழுகிறது, அதுவும் மாரி பெய்தால் மட்டும். நமக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். வருகிற மழையில் பாதியை அது குடித்துவிட்டுத்தான் மிச்சத்தை ஆற்றுக்கு விடும்.

அந்த ஆற்றங்கரையில், பிள்ளைகள் போய்த் தங்கி ஆற்றையும் சுற்றாடலையும் நேரில் படிக்க இருக்கிற ஒரு சின்ன வெளிக்கள நிலையத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயரைப் போடப்போவதில்லை. நான் எழுதும் குறைகளுக்கு நிர்வாகம் பதில் சொல்லாது, அங்கே இருக்கும் பொறுப்பாளர் ஐயாவைத்தான் பிடிப்பார்கள், அவர்தான் அந்த இடத்தில் ஒழுங்காக வேலை செய்யும் ஒரே உபகரணம். இன்னொன்று, வெளிக்கள நிலையம் என்றதும் நம்மவருக்குத் தொண்டைமானாறு வெளிக்கள நிலையமும் அது போடுகிற மாதிரி வினாத்தாள்களும்தான் நினைவுக்கு வரும். இது அது இல்லை, அதோடு எந்தச் சம்பந்தமும் இல்லை.

ஆவணியில் ஒரு நாள், பிறகு மார்கழியில் இரண்டு இரவு என்று இரண்டு தடவை போனேன். இரண்டாவது தடவை 22 பிள்ளைகள், எல்லாரும் உயர்தர உயிரியல். கீழே எழுதுவது பெரும்பாலும் அந்த இரண்டாவது பயணத்தைப் பற்றியது.

உள்ளே நுழைந்ததும் ஆய்வுகூடம். முதல் பார்வைக்கு வாயைப் பிளக்க வைக்கும். கண்ணாடி அலுமாரிக்குள் மஞ்சள் பெட்டி ஒன்று, திறந்தால் கறுப்புப் பஞ்சுக்குள் அளவாக வெட்டின குழியில் பல அளவுகளை ஒரே நேரத்தில் எடுக்கும் மானி: தண்ணீரில் கரைந்த ஒட்சிசன், பீ.எச். (அமிலமா காரமா என்று சொல்லும் அளவு), மின்கடத்துதிறன், வெப்பநிலை எல்லாம் ஒரே கம்பியில். பிள்ளைகள் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். நான் கையை வைக்கப் போக ஐயா, "உது தொடாதேங்கோ ரீச்சர், தந்த ஆக்கள் வந்து பார்க்கேக்க இருக்கோணும்" என்றார். அவர் பகிடிக்குச் சொல்லவில்லை. பிறகு அவரே இரக்கப்பட்டுத் திறந்து தந்தார், பற்றரி போட்டதும் திரை எரிந்தது, ஒட்சிசன் என்ற இடத்தில் மட்டும் கோடு கோடாக நின்றது. ஒட்சிசன் முனைக்கு மேலே ஒரு மெல்லிய சவ்வுத் தொப்பி இருக்கும், உள்ளே ஒரு திரவம் இருக்கும், இரண்டையும் இடைக்கிடை மாற்ற வேண்டும். வாங்கித் தந்தவர்கள் மானியை வாங்கித் தந்தார்கள், தொப்பியை வாங்கித் தரவில்லை. கறிவேப்பிலையோடு நிற்கிற காய்கறிக்காரனிடம் கறிவேப்பிலை மட்டும் கேட்டால் தரமாட்டான், அது மாதிரித்தான் இந்தக் கம்பனிக்காரரும், தொப்பி மட்டும் அனுப்பு என்றால் லேசில் அனுப்புகிறார்கள் இல்லையாம்.

பீ.எச். மானி தனியாக ஒன்று இருக்கிறது, பேனா மாதிரி. அதன் முனையை யாரோ காய்ச்சி வடித்த நீரில் போட்டு வைத்திருந்தார்கள், மாதக்கணக்கில். சுத்தமான தண்ணீர்தானே, பழுதாகாது என்று நினைத்திருக்க வேண்டும். அதுதான் முனையைக் கெடுக்கும், உள்ளே இருக்கிற உப்பு மெல்ல மெல்ல வெளியே ஊறிப்போகும். பொற்றாசியம் குளோரைட்டுக் கரைசலில்தான் வைக்க வேண்டும். மானியைச் சரிபார்க்க, பீ.எச். இவ்வளவுதான் என்று முன்பே தெரிந்த தாங்கற்கரைசலில் விட்டுப் பார்த்தோம். 7 கரைசலில் 7.9 என்றது, 4 கரைசலில் 5.2. அதற்கு மேல் அதை நம்பி எதையும் அளக்க மனம் வரவில்லை. தாங்கற்கரைசல் நான் என் பையில் கொண்டுபோனது. அங்கே இருந்த போத்தலுக்கு அடியில் பூஞ்சணம் மிதந்தது.

நுணுக்குக்காட்டிகள் ஆறு. அதில் இரண்டு நன்றாக இருக்கின்றன, இரண்டு பரவாயில்லை, மற்ற இரண்டின் வில்லைக்குள் சிலந்தி வலை பின்னின மாதிரிப் பூஞ்சணம். உப்புக்காற்றும் மாரி ஈரமும் சேர்ந்த இடத்தில் பிளாஸ்ரிக் உறை போட்டு மூடி வைத்தால் வேறென்ன நடக்கும்? உறை தூசியைத் தடுக்கும், ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும். ஒரு அலுமாரிக்குள் சிலிக்கா ஜெல் பை நாலைப் போட்டு, நிறம் மாறினதும் சூடாக்கித் திரும்பப் போட்டால் முடிகிற விஷயம் இது. கமரா பூட்டின நுணுக்குக்காட்டி ஒன்றும் இருக்கிறது, சீடியில் வந்த மென்பொருளோடு. இப்போது வருகிற மடிகணினிகளில் சீடி போட இடமே இல்லை. ஒரு பெடியன் கண்ணாடிக்கு மேலே தன் கைத்தொலைபேசியை வைத்துப் படம் எடுத்துத் தந்தான், கமராவில் எடுத்திருந்தாலும் அவ்வளவு நன்றாக வந்திருக்காது.

அந்த நல்ல இரண்டு நுணுக்குக்காட்டிகளைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லியே ஆக வேண்டும். தண்ணீரில் மிதக்கிற நுண்ணிய உயிரிகளைப் பிடிக்கும் பிளாந்தன் வலையை (இது நல்ல வலை, கிழியாமல் இருக்கிறது) மதகுக்குக் கீழே ஐந்து நிமிடம் பிடித்து, அடியில் இருக்கும் போத்தலில் சேர்ந்ததை ஒரு துளி எடுத்து வைத்தால், ஒற்றைக் கண்ணோடு வாலின் இரு பக்கமும் முட்டைப் பை தூக்கிக்கொண்டு சைக்கிளொப்ஸ் ஒன்று துள்ளித் துள்ளிப் போகிறது. படத்தில் பார்த்துக் கீறிக் கீறி அலுத்த பிள்ளைகள். உயிரோடு ஓடுகிறதைப் பார்த்ததும் ஒருத்தி கண்ணை எடுக்கவில்லை, பின்னால் வரிசையில் நின்ற எட்டுப் பேரும் கத்தத் தொடங்கிவிட்டார்கள்.

ஒட்சிசனுக்கு வருகிறேன். மஞ்சள் பெட்டி கைவிட்டதால் கரைந்த ஒட்சிசனை இரசாயனம் விட்டு அளக்கிற பழைய விங்கிளர் முறைக்குப் போனோம், அது போனது நல்லதாகவே முடிந்தது. நிலையத்தில் கண்ணாடி மூடியோடு ஒட்சிசன் போத்தல்கள் இருபதுக்குக் கிட்ட இருக்கின்றன, எல்லாம் 300 மில்லிலீற்றர், ஒன்றுகூட உடையவில்லை. ஐயா ஒவ்வொன்றின் கழுத்திலும் மூடியிலும் ஒரே இலக்கத்தைப் பெயின்ரால் எழுதி வைத்திருக்கிறார், மூடி மாறினால் காற்றுக்குமிழ் நிற்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. மங்கனீசு சல்பேற்று, கார அயடைட்டு இரண்டையும் விட்டதும் போத்தலுக்குள் மண்ணிற வீழ்படிவு முகில் மாதிரி இறங்கும், அமிலம் விட்டதும் அது கரைந்து தேத்தண்ணி நிறமாகும், தயோசல்பேற்றைத் துளி துளியாக விட்டு நியமித்து, இடையில் மாப்பொருள் விட்டு, நீலம் போகிற அந்த ஒரு துளியில் நிறுத்த வேண்டும். காலை 6 மணிக்கு எடுத்த போத்தலுக்கு லீற்றருக்கு 3 மில்லிகிராமை ஒட்டித்தான் வந்தது. பகல் 2 மணிக்கு அதே இடத்தில் 8ஐத் தாண்டியது. 30 பாகை வெப்பத்தில் நன்னீர் சும்மா நின்றால் ஏழரை அளவில்தான் ஒட்சிசனைப் பிடிக்கும், ஆகவே மிச்சத்தை அல்காக்கள் வெயிலில் செய்து தந்திருக்க வேண்டும். இரவு முழுக்க அதே அல்காக்களும் மீனும் சுவாசித்துத் தீர்த்ததுதான் காலையில் வந்த 3. ஒளித்தொகுப்பை மூன்று வருடமாகக் கரும்பலகையில் எழுதுகிறேன், இந்த இரண்டு போத்தல் சொன்ன அளவுக்கு நான் ஒருநாளும் சொன்னதில்லை. மானி வேலை செய்திருந்தால் இலக்கத்தைப் பார்த்து எழுதிவிட்டுச் சாப்பிடப் போயிருப்போம்.

தயோசல்பேற்றைப் புதிதாகக் கரைத்துக் கொண்டு போங்கள். அங்கே இருந்த போத்தலில் எப்போது கரைத்தது என்று எழுதியிருக்கவில்லை.

அடுத்தது நைத்திரேற்று. இதில் ஒரு ஆபத்தான கூத்து நடந்தது. நிலையத்தில் நிறம் மாறும் தாள் கீற்றுகள் இருக்கின்றன, நல்லவை, காலாவதியாகவில்லை. சுவரில் பெரிய எழுத்தில் ஒரு அறிவித்தல்: "10க்கு மேல் என்றால் குடிக்கக் கூடாது." பிள்ளைகள் நிலையத்துக் கிணற்றுத் தண்ணீரில் கீற்றைத் தோய்த்தார்கள், நிறம் 25க்குப் பக்கத்தில் வந்தது. அவ்வளவுதான், காலையில் அந்தத் தண்ணீரில் பல் தீட்டினவர்கள் எல்லாரும் வெளிறிப்போனார்கள், ஒருத்தன் அம்மாவுக்கே அழைத்துவிட்டான். விஷயம் என்னவென்றால் அந்த 10, அதாவது லீற்றருக்கு 10 மில்லிகிராம், என்பது நைத்திரேற்றில் இருக்கும் நைதரசனை மட்டும் கணக்கெடுக்கிற அமெரிக்க வரம்பு. கீற்று காட்டுவதோ முழு நைத்திரேற்றை. நைதரசன் கணக்கை 4.43ஆல் பெருக்கினால்தான் நைத்திரேற்றுக் கணக்கு வரும், அந்த 10 இங்கே 44 ஆகிவிடும். உலக சுகாதார நிறுவனம் சொல்வது நைத்திரேற்றாக 50. ஆகவே கிணறு தப்பியது. யாழ்ப்பாணத்தில் இதைப் பிழையாக எழுதி ஒட்டி வைப்பது சின்ன விஷயமில்லை. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போடுகிற பசளை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்பால் நேரே கிணற்றுக்கு இறங்குகிற ஊர் இது, உண்மையிலேயே 50ஐத் தாண்டிய கிணறுகள் இங்கே உண்டு. பயப்பட வேண்டிய கிணற்றுக்குப் பயப்படாமல் மற்றதுக்குப் பயப்படப் போகிறார்கள். நான் அறிவித்தலுக்குக் கீழே பென்சிலால் எழுதிவிட்டு வந்தேன், ஐயாவிடம் கேட்டுத்தான்.

கிணற்றுத் தண்ணீர் குடிக்கலாம் என்றாலும் சவர். குளித்தால் சவர்க்காரம் நுரைக்காது. முன்பு இவ்வளவு சவர் இல்லை, துலா போட்டு இறைத்த காலத்தில் நல்ல தண்ணி, மோட்டர் வந்த பிறகுதான் இப்படி என்றார் ஐயா. அதுவே ஒரு பாடம்தான்: நமக்குக் கீழே நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்துகொண்டு இருக்கிறது, கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் இறங்கி நிற்கும், மேலே ஒரு சாண் குறைய விட்டால் கீழிருந்து உவர்நீர் அதைப் போல எத்தனையோ மடங்கு ஏறிவரும். குடிக்கத் தண்ணீரைப் பெரிய கான்களில் கொண்டு போங்கள்.

வெண்கறுப்புத் தட்டு ஒன்று கயிற்றில் கட்டி வைத்திருக்கிறார்கள், தண்ணீரின் தெளிவைப் பார்க்கிற செக்கித் தட்டு. 20 சென்ரிமீற்றர் அகலம், பெயின்ற் புதிது. தண்ணீருக்குள் இறக்க இறக்க எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறதோ அதுதான் அளவு. எங்கள் ஆற்றில் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலேதான் தண்ணீர். தட்டு அடியில் போய்ச் சேற்றில் குந்திக்கொண்டு மேலே எங்களைப் பார்த்துச் சிரித்தது. ஆழமான ஏரிக்கு எழுதின பட்டியலைப் பார்த்து யாரோ வாங்கியிருக்கிறார்கள்.

உவர்மானி மட்டும் எந்தக் குறையும் சொல்ல முடியாத சாமான். கையடக்கக் குழாய், பற்றரி வேண்டாம், ஒரு துளி விட்டு மூடியை மூடி வெளிச்சத்துக்குப் பிடித்தால் நீலமும் வெள்ளையும் சந்திக்கிற கோடு உவர்த்தன்மையைச் சொல்லிவிடும். காய்ச்சி வடித்த நீர் விட்டுக் கோடு பூச்சியத்தில் நிற்கிறதா என்று பார்த்தோம், நின்றது. ஆற்றுக்கும் கடல்நீரேரிக்கும் நடுவில் இருக்கிற அராலிக் கதவுகள் வரை ஐயாவோடு சைக்கிளில் போனோம், பாதிப் பேர் ஓட்டோவில். கதவுக்கு இந்தப் பக்கம், மழை வெள்ளத்தில், ஆயிரத்துக்கு 2. அந்தப் பக்கம் 24. கடலுக்கு 35. நடுவில் இருப்பது ஒரு கதவின் தடிப்பு. கதவு எதற்குக் கட்டியிருக்கிறார்கள் என்று நான் விளக்க வாய் திறக்கவே இல்லை. கரையோரம் கண்ணா மரங்களின் மூச்சு வேர்கள் சேற்றுக்கு மேலே பென்சில் நட்ட மாதிரி நின்றன. ஒரு பிள்ளை எண்ணத் தொடங்கி, ஒரு மீற்றர்ச் சதுரத்துக்குள்ளேயே அலுத்துவிட்டாள். சதுரச் சட்டம் நிலையத்தில் நாலு இருக்கிறது, பீ.வீ.சீ. குழாயில் ஐயா செய்தவை. இரும்பில் வாங்கித் தந்தது துருப்பிடித்துக் கோழிக்கூட்டுக்குப் போய்விட்டதாம்.

பறவை பார்க்கிற மறைப்புக் குடில் ஒன்று கட்டியிருக்கிறார்கள். அழகான குடில், கிடுகுக் கூரை. மேற்குப் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள்! பின்னேரம் நாலரைக்குப் போனால் வெயில் முகத்தில் அறைகிறது, பூநாரையா கொக்கா என்று நிழலைப் பார்த்துச் சீட்டுக் குலுக்க வேண்டியதுதான். காலையில் போங்கள், ஏழு மணிக்குள். அப்போது ஊசிவால் வாத்துகளும் நெடுங்கால் உள்ளானும் நன்றாகத் தெரிந்தன, பூநாரை தூரத்தில் ஒரு இளஞ்சிவப்புக் கோடு. இருகண் தொலைநோக்கி மூன்று, 8x42, அதில் ஒன்று விழுந்து ஒன்றை இரண்டாகக் காட்டுகிறது. அதைப் பிடித்திருந்தவனின் கணக்கெடுப்பில் வாத்து எண்ணிக்கை இரட்டிப்பாக இருந்ததற்கு அதுதான் காரணம் என்று அவன் சொல்கிறான், நான் நம்பவில்லை.

தங்குமிடம் சுருக்கமாக. இரண்டு மண்டபம், பெண்பிள்ளைகளுக்கு ஒன்று, ஆண்பிள்ளைகளுக்கு ஒன்று. பாய், தலையணை தருவார்கள், நுளம்புவலை பாதிப் பேருக்குத்தான் வரும். மார்கழி என்றால் நுளம்பு சொல்லவே வேண்டாம், சுருளை நம்பாமல் வலை கொண்டு போங்கள். மலசலகூடம் நாலு, சுத்தம், ஆனால் இரண்டின் கொளுக்கி வேலை செய்யாது, பாட்டுப் பாடிக்கொண்டுதான் உள்ளே இருக்க வேண்டும். கரண்ட் போனால் ஆய்வுகூடத்துக்கு மட்டும் சூரியப் படல் இருக்கிறது. உயிர்காப்பு அங்கிகள் எட்டு, சிப் எல்லாம் உப்பில் இறுகிவிட்டன. படகு ஏறும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள், நாங்கள் ஏறவில்லை.

சாப்பாடு பக்கத்து வீட்டு அக்கா சமைத்துத் தருகிறார், முதல் நாளே சொல்ல வேண்டும். இரவு புட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும், காலையில் இடியப்பமும் சொதியும். இரண்டாம் நாள் மழைக்கு ஒடியற்கூழ் காய்ச்சித் தந்தார், மீனும் நண்டும் பலாக்கொட்டையும் போட்டு. சைவப் பிள்ளைகள் ஐந்து பேருக்குத் தனிப் பானை. தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து இரண்டு நாளுக்குத் தலைக்கு 2,600 ரூபாய் வந்தது. எனக்கு அது மலிவாகத்தான் பட்டது.

கடைசியாக, அலுமாரியில் இல்லாத ஒரு சாமான். மதகின் தூணில் ஐயா பத்து பத்துச் சென்ரிமீற்றருக்குச் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்டிருக்கிறார். தினமும் காலை அந்தக் கோட்டைப் பார்த்து நீர்மட்டம், உவர்மானியைப் பார்த்து உவர்த்தன்மை, மழை பெய்ததா, கதவு திறந்ததா, இவ்வளவையும் சீ.ஆர். கொப்பியில் எழுதுகிறார். யாரும் எழுதச் சொல்லவில்லை. அப்படி ஆறு கொப்பி மேசை லாச்சிக்குள் கிடக்கிறது, வந்து போகிற பெரியவர்களுக்கு மஞ்சள் பெட்டியைத்தான் காட்டுகிறார்கள். என் பிள்ளைகள் இருவர் ஒரு மாரியின் பக்கங்களைப் படம் எடுத்து வந்து வரைபு கீறினார்கள். மழை பெய்து எத்தனை நாள் கழித்து ஆறு ஓடத் தொடங்குகிறது, கதவு திறந்த அன்று உவர்த்தன்மை எப்படித் துள்ளுகிறது எல்லாம் அந்த வரைபில் கிடக்கிறது. செயற்றிட்டத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? கொப்பியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால் காட்டுவார், கேட்காவிட்டால் தானாக எடுத்துத் தரமாட்டார், வெட்கப்படுகிறார்.

ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டால் ஆவணிக்கு ஒன்று, மார்கழிக்கு நாலு. ஆய்வுகூட அலுமாரிக்குத் தனியாகக் கேட்டால் ஒன்றரை.

போகிறவர்கள் தாங்கற்கரைசல், தயோசல்பேற்று, காய்ச்சி வடித்த நீர், சிலிக்கா ஜெல், நுளம்புவலை இவ்வளவும் கொண்டு போங்கள். ஐயாவுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று நினைத்தால் காசு நீட்டாதீர்கள், வாங்கமாட்டார், ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கிக் கொடுங்கள். நான் ஒற்றை ரூல் போட்டதைக் கொண்டுபோய்க் கொடுத்து, "உது சரிவராது ரீச்சர், சதுரக்கோடு போட்டதெண்டால்தான் நிரல் நேரா வரும்" என்று அவர் சொல்லத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்தேன்.